கேட்காமல் திறந்த பெட்டி

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் ஐந்து பேர், தொலைபேசிச் சங்கத்து ட்வைலா பிரெக்கி பேசிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசியை வைத்துவிட்டார்கள். ஐந்து பேரும் அவளுக்கு நன்றாகத் தெரிந்தவர்கள். அதில் ஒருத்தியின் கல்யாணத்தில் இவள்தான் மணப்பெண் தோழி. ஆனாலும் யாரையும் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வைக்கச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

போன வருடம் யாரோ ஒருவன் ஊரில் மூன்று பேரை ஏமாற்றிவிட்டான். மகன் குரலில் பேசினான், மகள் குரலில் பேசினான், ஒரு தடவை பாதிரியார் குரலிலேயே பேசினான். எந்தக் குரலையும் கணினியில் அச்சு அசலாகச் செய்துவிடுகிற காலம் இது. அதற்குப் பிறகு ட்வைலா தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மூன்று வகுப்புகள் எடுத்தாள். காப்பியும் எலுமிச்சைக் கேக்கும் உண்டு என்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை.

"நம்ம சங்கத்துலேர்ந்து யாரும் போன் பண்ணி உங்க ரவுட்டரத் தொடச் சொல்ல மாட்டாங்க. அப்படி யாராவது சொன்னா, அது என் குரலாவே இருந்தாலும் சரி, வச்சிடுங்க. சந்தேகம்னா ஆபீசுக்கு வந்து என் மூஞ்சியப் பாத்துக் கேளுங்க" என்று சொல்லி ஆளுக்கொரு மஞ்சள் ஒட்டுத்தாள் கொடுத்தாள். 'சந்தேகமா? வைத்துவிடு' என்று அதில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. இன்றைக்கு லின்டால் வட்டாரத்தில் அந்தத் தாள் ஒட்டாத தொலைபேசி கிடையாது. வடக்கு டகோட்டாக்காரர்கள் ஒன்றை ஒட்டினால் உரிக்கமாட்டார்கள்.

இன்றைக்குப் பார்த்து யாரும் வந்து மூஞ்சியைப் பார்க்கவும் வழியில்லை. பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரி. மேலே வானம் பளிச்சென்று நீலமாக இருந்தது. கீழே காற்று தரையிலிருந்த பனியை வாரி இறைத்து, இரண்டு ஆள் உயரத்துக்கு உலகத்தையே வெள்ளையடித்துக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலைக்குத் தடுப்பு போட்டாயிற்று. பனி தள்ளும் வண்டிகளையே திரும்பி வரச் சொல்லிவிட்டார்கள்.

விஷயம் இதுதான். லின்டால் தொலைபேசிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு அறுநூற்றுப் பதினாலு வீடுகள். எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி ரவுட்டர் பெட்டி, ஏழு வருடத்துக்கு முன்னால் ட்வைலா கொண்டுபோய் மாட்டியது. அதில் ஒரு ஓட்டை இருப்பதை யாரோ ஒரு ஆராய்ச்சிக்காரன் கண்டுபிடித்து, செய்த நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறான். நிறுவனம் ஆறு மாதம் காதில் வாங்கவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவன் நேற்று அதை ஊருக்கே வெளியிட்டுவிட்டான். உடனே நிறுவனத்துக்குத் தூக்கம் கலைந்து, இன்று காலை ஐந்து மணிக்குத் திருத்தம் அனுப்பியது. இடைப்பட்ட இரவிலேயே எவனோ அந்த ஓட்டைக்குள் நுழைகிற நிரல் ஒன்றை அவிழ்த்துவிட்டிருந்தான். அது எதையும் திருடவில்லை. பெட்டியின் ஃபர்ம்வேரை, அதாவது அந்தப் பெட்டி எழுந்து நடமாடுவதற்கான அடிப்படை மென்பொருளை, துடைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனது. துடைக்கப்பட்ட பெட்டி செங்கல்லுக்குச் சமம்.

ஓட்டை இருந்த இடத்துக்கு ட்வைலாவே பொறுப்பு. ஒவ்வொரு பெட்டியிலும் தூரத்திலிருந்து சரிசெய்வதற்கு ஒரு பின் ஜன்னல் உண்டு. மற்ற இடங்களில் அதை மூடியே வைத்திருப்பார்கள். ட்வைலா திறந்து வைத்தாள். "இன்டர்நெட் வரலம்மா" என்று யாராவது கூப்பிட்டால், நாற்பது மைல் வண்டி ஓட்டாமல் மேசையிலிருந்தே பார்த்துவிடலாமே என்ற நல்ல எண்ணம்தான். எல்லா ஜன்னலுக்கும் ஒரே கடவுச்சொல், அது அவளிடம்.

மூன்று வருடத்துக்கு முன் ஆண்டுக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து இதைப் பிடித்துக்கொண்டார். ஆர்டெல் ஃபெல்ஸ்டட். அறுபத்தெட்டு வயது, தனிக்கட்டை, கோதுமையும் சூரியகாந்தியும் போடுகிறவர். "நீ நல்லவதான், அது எல்லாருக்கும் தெரியும். ஆனா என் வீட்டுக்குள்ள எட்டிப்பாக்க ஒரு ஜன்னல் இருக்குன்னா, அத எனக்குச் சொல்லியிருக்கணுமா இல்லியா?" என்றார். இருநூறு பேர் திரும்பி அவளைப் பார்த்தார்கள். மூடிவிட்டால் உதவ முடியாதே என்று அவள் சொன்னாள். மூடவேண்டாம் என்று கூட்டம் சொன்னது. ஆனால், கேட்காமல் எவர் வீட்டுப் பெட்டிக்குள்ளும் நுழையமாட்டேன் என்று அவளைச் சொல்லவைத்து, அதை நடவடிக்கைக் குறிப்பிலும் ஏற்றிய பிறகுதான் ஆர்டெல் உட்கார்ந்தார். போன வருடம் வகுப்புகள் தொடங்கியபோது அவர்தான் அவளுடைய சிறந்த மாணவரும் ஆனார். மூன்று வகுப்புக்கும் குறிப்பேட்டோடு வந்த ஒரே ஆள்.

காலை ஆறு மணிக்கு அவள் செய்த முதல் காரியம், வெளியுலகத்திலிருந்து அந்த ஜன்னலுக்கு வரும் வழியைச் சங்கத்தின் வாசலிலேயே அடைத்தது. ஆனால் அதற்குள் ஒரு பண்ணை வீட்டுப் பெட்டி விழுந்துவிட்டிருந்தது. விழுந்தது சும்மா விழவில்லை, பக்கத்து வீடுகளைத் தட்டிவிட்டு விழுந்தது. உள்ளுக்குள்ளேயே வீடு வீடாகப் பரவுவதைத் தடுக்கும் வசதி சங்கத்தின் பழைய இயந்திரத்தில் இல்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் திருத்தத்தைப் போட்டே தீரவேண்டும்.

எட்டரைக்குள் ஐந்நூற்று எண்பத்திரண்டு பெட்டிகளுக்குப் போட்டுவிட்டாள். அவசரத்துக்கு உள்ளே வரலாம் என்று அந்த வீட்டுக்காரர்கள் முன்பே கையெழுத்திட்ட கடிதங்கள் அவள் கோப்பில் இருந்தன. விழுந்துவிட்ட ஒன்றைத் தள்ளினால் மிச்சம் முப்பத்தொன்று. அந்த முப்பத்தொரு பேரும் அவளுடைய இரண்டாவது வகுப்பைக் கேட்டு, வீட்டுக்குப் போனதும் அந்த ஜன்னலின் பொதுக் கடவுச்சொல்லை மாற்றியவர்கள். சொன்ன பேச்சைக் கேட்டவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். அவளால் உள்ளே போகமுடியாது. அந்த ஓட்டை வழியாக வருகிறவனுக்கோ கடவுச்சொல்லே தேவையில்லை.

"இது என்னடி அநியாயம்?" என்றார் மேலாளர் ராலி ஹாகன். ஆறடி நாலங்குலம், சிரித்தால் மேசை ஆடும். இன்றைக்குச் சிரிக்கவில்லை. "சோம்பேறியெல்லாம் தப்பிச்சிட்டான், ஒழுங்கா இருந்தவன் செத்தானா?"

"ஊருக்குள்ள பத்தொம்பது வீடு இருக்கு, ராலி. நடந்தே போயிடலாம். உன் மூஞ்சிய நம்புவாங்க."

"இந்தக் குளிர்ல என் மூஞ்சியே எனக்கு அடையாளம் தெரியாது" என்று முனகிக்கொண்டே அவர் கம்பளியை மூக்குவரை சுற்றிக்கொண்டு கிளம்பினார். கிளம்பின வேகத்தில் ஆள் காரியத்தை முடித்துவிட்டார், அதையும் சொல்லவேண்டும். பன்னிரண்டு மணிக்குப் பத்தொன்பதும் ஆயிற்று.

பண்ணைகள் பன்னிரண்டு. பதினோரு பேரிடம் செல்போன் இருக்கிறது. பெட்டி செத்தாலும் ஒரு நாள் படம் பார்க்கமுடியாது, அவ்வளவுதான். அவர்களுக்காக ட்வைலா வருத்தப்பட்டாள், பயப்படவில்லை.

பயம் முழுக்கப் பன்னிரண்டாவது வீட்டுக்கு. அது ஆர்டெலுடையது. முப்பத்தெட்டு மைல் வடக்கே, ஒரு பள்ளத்துக்குள். அங்கே செல்போன் கோபுரம் எட்டாது. இந்தச் சங்கத்தில் வீட்டுத் தொலைபேசியும் ரவுட்டர் வழியாகத்தான் போகிறது. இலையுதிர்காலத்தில் ஆர்டெலுக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் ஒரு பொத்தானைக் கழுத்தில் மாட்டி அனுப்பியிருந்தார்கள். அழுத்தினால் ஆம்புலன்ஸ்காரர்களுக்குச் செய்தி போகும். அதுவும் அதே பெட்டி வழியாகத்தான். அவர் இணைப்பையே இங்கிருந்து வெட்டிவிட்டால் அந்த நிரல் அவரை அண்டாது. ஆனால் தொலைபேசியும் பொத்தானும் கூடவே செத்துப்போகும். பக்கத்து வீடு நாலு மைல் தள்ளி, அவர்களும் குளிருக்குப் பயந்து அரிசோனாவில்.

அவள் ஒன்பதரைக்கு முதல் தடவை கூப்பிட்டாள்.

"ஆர்டெல், நான் ட்வைலா பேசறேன்."

"குட் மார்னிங், ட்வைலா மாதிரிப் பேசறவங்களே."

"விளையாடாதீங்க. உங்க ரவுட்டர்ல ஒரு ஓட்டை இருக்கு. நான் சொல்ற மாதிரி ஒரு பக்கத்தத் திறந்து..."

"ஆஹா. அருமையாப் பண்றீங்க. மூக்கடைச்ச மாதிரிகூட வருது" என்றார் ஆர்டெல், மெய்யாகவே ரசித்து. "எங்க ட்வைலா போன்ல ரவுட்டரத் தொடச் சொல்லமாட்டா." வைத்துவிட்டார்.

பத்து மணிக்கு ஃபார்கோ நகரத்தில் இருக்கும் அவருடைய தங்கை மிர்னாவைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னாள். பத்து நிமிடத்தில் மிர்னா திரும்பக் கூப்பிட்டாள். "எங்கண்ணன் என்னையே திருடின்னுட்டான், ட்வைலா! நம்ம அம்மா பேரு சொல்லுன்னான், சொன்னேன். அதெல்லாம் கல்லறையிலயே எழுதியிருக்குன்னு வச்சிட்டான். என்னத்தச் சொல்லிக்கொடுத்து வச்சிருக்க நீ?"

பதினொன்றேகாலுக்கு ட்வைலா மறுபடி கூப்பிட்டாள். "ஆண்டுக் கூட்டத்துல நீங்க என்ன நிக்கவச்சுச் சத்தியம் வாங்கினீங்களே, அது நான்தான்" என்றாள்.

"அத நோட்டீஸ்ல அச்சடிச்சு ஊருக்கே அனுப்பினதும் நீங்கதானே" என்றார் ஆர்டெல். பிறகு கொஞ்சம் இரக்கத்தோடு, "தம்பியோ தங்கச்சியோ, வேற நல்ல வேலையாப் பாத்துக்கங்க" என்று வைத்துவிட்டார்.

அவளுக்கு அழுகையும் வந்தது, அதோடு வெட்கமில்லாமல் ஒரு பெருமையும் வந்தது. இவரைப் போல் இன்னும் பத்து பேர் இருந்தால் திருடர்கள் இந்த மாநிலத்தையே விட்டு ஓடிவிடுவார்கள். மாவட்டக் காவல் அலுவலகத்தைக் கூப்பிட்டாள். "ஆளுக்கு ஏதாவது ஆயிடுச்சா?" என்று கேட்டார்கள். இல்லை என்றாள். அப்படியென்றால் சாலை திறந்ததும் பார்ப்போம் என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை. இன்றைக்கு யார் சொன்னதிலும் தப்பில்லை, அதுதான் அவளைப் படுத்தியது.

உட்காரமுடியவில்லை. எழுந்து காப்பி ஊற்றினாள், குடிக்க மறந்தாள், மறுபடி ஊற்றினாள். திரையில் வடக்குப் பாதையின் வீடுகள் வரிசையாகப் பச்சைப் புள்ளிகளாக இருந்தன. ஒரு மணிக்கு ஓல்சன் பண்ணை அணைந்தது. ஒன்றரைக்கு அதற்கு மேலே இருந்த வீடு. இரண்டேகாலுக்கு இன்னொன்று. அது ஆர்டெலுக்குப் பதினோரு மைல் இந்தப் பக்கம்.

மேசையில் ஒரு உதிரிப் பெட்டி இருந்தது. ஆராய்ச்சிக்காரன் எழுதியதைப் படித்துப் படித்து, திருடன் நுழைகிற அதே வழியில் அந்தப் பெட்டிக்குள் அவள் பன்னிரண்டு மணிக்கே நுழைந்து பார்த்திருந்தாள். கடவுச்சொல் கேட்கவே இல்லை. ஏழு வருடமாக இவ்வளவு சுலபமாகவா இருந்தது!

"ராலி, ஆர்டெல் வீட்டுக்கு இப்படிப் போயிடலாம். போயி, திருத்தத்தப் போட்டு, ஜன்னலையும் உள்ளேர்ந்து சாத்திட்டு வந்திடலாம்."

ராலி வாசல் பனியைத் தள்ளிவிட்டு அப்போதுதான் உள்ளே வந்திருந்தார், இன்னும் கோட்டைக் கழற்றவில்லை. புருவத்தில் பனி உருகி வழிந்துகொண்டிருந்தது. "அவன் வேண்டான்னான்."

"அவர் வேண்டான்னது என்னை இல்ல. என் குரல்ல பேசற யாரையோ."

"சட்டத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது, ட்வைலா. கேக்காம உள்ள போனா அது அத்துமீறல். உன் வேலை போகும். அதவிட, அந்தக் குறிப்புல உன் கையெழுத்து இருக்கு." அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் போய் வண்டி ஸ்டார்ட் ஆவுதான்னு பாத்துட்டு வர்றேன். பத்து நிமிஷம் ஆகும். நீ என்கிட்ட எதுவும் கேக்கல."

"கேட்டேன். கேட்டேன்னுதான் எழுதுவேன்."

"பிடிவாதக்காரி" என்று சொல்லிவிட்டு ராலி போனார். வண்டி அவருடைய கொட்டகையில் சூடேற்றியில் மாட்டியிருந்தது, அதற்கு ஸ்டார்ட் ஆகாத நாளே கிடையாது.

இரண்டு நாற்பதுக்கு இன்னொரு புள்ளி அணைந்தது. இனி ஆர்டெலுக்கும் அதற்கும் நடுவில் திருத்தம் போடாத வீடே இல்லை. ட்வைலா கடைசியாக ஒரு தடவை கூப்பிட்டாள். "ட்வைலா" என்றதுமே வைத்துவிட்டார். அவள் வாய்விட்டு, காலி அறையில், "மன்னிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

திருத்தம் ஏறுவதற்கு மூன்று நிமிடம் பிடிக்கும். அந்த மூன்று நிமிடமும் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும், தொலைபேசியும் பொத்தானும் வேலை செய்யாது. நடுவில் மின்சாரம் போனால் பெட்டி போனது போனதுதான். அப்போது அதைக் கொன்றது திருடன் அல்ல, அவள். இதெல்லாம் தெரிந்தேதான் அழுத்தினாள். அழுத்தியதும் அலுவலகத்தின் குழல்விளக்கு இரண்டு தடவை கண் சிமிட்டியது. அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் வேண்டாம் என்று யாரிடமோ கெஞ்சினாள். ஒரு நிமிடம். இந்த நேரம் பார்த்து அவருக்கு நெஞ்சைப் பிடித்தால்? இரண்டு நிமிடம். மூன்றும் தாண்டியது. புள்ளி வரவில்லை. மூன்றே முக்கால் நிமிடத்தில் பச்சையாக வந்து நின்றது.

பின் ஜன்னலைச் சாத்துவதற்கு முன் அவள் கண்ணில் பெட்டியின் பதிவேடு பட்டது. யார், எப்போது, எங்கிருந்து உள்ளே வந்தார்கள் என்று பெட்டி தானே எழுதிவைக்கும் பட்டியல். கடைசி வரியில் இரண்டு நாற்பத்தொன்று என்ற நேரமும் சங்க அலுவலகத்தின் முகவரியும் இருந்தன. பக்கத்திலேயே 'அழி' என்ற பொத்தான். விரல் அதன் மேல் போய் நின்றது, பொய் சொல்வானேன். ஒரு அழுத்தில் எல்லாம் நடக்காததாகிவிடும். வேலை இருக்கும், பெயர் இருக்கும், அடுத்த கூட்டத்தில் ஆர்டெல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேக் தின்பார். விரலை எடுத்துக்கொண்டாள். ஜன்னலைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள்.

சாயங்காலம் வரை அந்தப் புள்ளி பச்சையாகவே இருந்தது. ஆர்டெல் பொத்தானை அழுத்தவும் இல்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. நிரல் அவர் வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதா, அந்தப் பக்கமே வரவில்லையா என்று சொல்ல வழியில்லை. அவள் செய்ததற்கு ஒரு நியாயம் காட்டு என்றால் காட்ட அவளிடம் ஒன்றுமே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சாலை திறந்தது. பனி தள்ளும் வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டே ட்வைலா முப்பத்தெட்டு மைல் ஓட்டினாள். வழியெல்லாம் பேச்சை ஒத்திகை பார்த்தாள். ஆர்டெல் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் அத்தனையும் மறந்துபோயிற்று.

அவர் கதவைத் திறந்தார். கம்பளிச் சட்டைக்கு மேலே அந்தப் பொத்தான் தொங்கியது.

"உள்ள வரலாமா, ஆர்டெல்?"

"இத நீ நேத்து கேட்டிருக்கணும்" என்றார் அவர். "மத்தியானம் ரெண்டு நாப்பத்தொண்ணுக்கு."

அவர் கதவை விட்டு நகரவில்லை. "சிவப்பு விளக்கு எரிஞ்சுது. மூணு நிமிஷத்துக்கு மேலயே எரிஞ்சுது. அது அணைஞ்சதும் போயி பதிவேட்டத் திறந்து பாத்தேன். மூணாவது வகுப்புல நீதானே பாக்கச் சொல்லிக்கொடுத்த."

"நான்தான் உள்ள வந்தேன். ஓட்டை வழியா வந்தேன். உங்க போனும் பொத்தானும் செத்துடும்னு பயந்து வந்தேன். கேக்காம வந்தது தப்புதான்."

"பக்கத்துலயே அழிக்கறதுக்குப் பொத்தான் இருக்கே. அது உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் விட்ட?"

"நீங்க பாக்கணும்னுதான்" என்றாள் ட்வைலா. கண்ணீர் இமையிலேயே உறைய ஆரம்பித்ததால் கையுறையால் துடைத்துக்கொண்டாள். "ஜன்னல சாத்திட்டேன். உங்களோடது மட்டும் இல்ல, எல்லாரோடதும். இனிமே யாரு கூப்பிட்டாலும் நான் வண்டி ஏறித்தான் வந்தாகணும். அன்னிக்கு நீங்க கேட்டப்பவே சாத்தியிருக்கணும்."

ஆர்டெல் கழுத்துப் பொத்தானைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டார்.

"அடுத்த கூட்டத்துல நானே எந்திரிச்சு இத சொல்லுவேன்" என்றாள்.

"நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன்" என்றார் ஆர்டெல். பிறகு ஒதுங்கி வழிவிட்டார். "வா. காப்பி போட்டிருக்கேன்."

சமையலறையில் தொலைபேசியின் மேல் மஞ்சள் தாள் ஓரம்கூட மடங்காமல் ஒட்டியிருந்தது. பக்கத்து மேசையில் ரவுட்டர், பச்சை விளக்கோடு. அவர் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் பழக்கத்தில் அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"வீட்டுக்குள்ள வேத்தாள் வந்துட்டுப் போனா மொதல்ல என்ன பண்ணணும்?" என்று கேட்டார், திரும்பாமல்.

"கடவுச்சொல்ல மாத்தணும்."

"அப்ப திரும்பி நில்லு."

ட்வைலா திரும்பி நின்றாள். இருபது வருடப் பழக்கத்தில் அவர் அவளிடம் இப்படிச் சொன்னதில்லை. சுவரில் விதை நிறுவனத்தின் நாட்காட்டி தொங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஒற்றை விரலால் அவர் தட்டுவது கேட்டது, ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக. எல்லாவற்றையும் அவர் சரியாகத்தான் செய்தார்.

தட்டும் சத்தம் சட்டென்று நின்றது.

"சத்தத்த வச்சு எத்தன எழுத்துன்னு எண்ணாத, ட்வைலா."

அவள் கையுறையோடு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.